மலையேறிய மண்

ஆய்வு நிலையத்தில் எல்லோரும் அவளை முகத்துக்கு நேரே "மேடம்" என்றார்கள், முதுகுக்குப் பின்னால் "மண்ணு மேடம்" என்றார்கள். இரண்டும் அவளுக்குத் தெரியும். இரண்டாவதுதான் பிடித்திருந்தது. மற்றவர்களுக்குக் கிடைத்த பட்டப்பெயர்களோடு ஒப்பிட்டால் தனக்குக் கிடைத்தது பட்டாபிஷேகம் என்று சொல்வாள். அந்தப் பட்டப்பெயர்களில் பாதிக்கு மேல் வைத்தவளே அவள்தான்.

பூச்சியியல் பிரிவில் இருந்தவருக்கு "ஆனா சார்" என்று பெயர் வைத்ததும் அவளே. அந்த மனிதர் வாயைத் திறந்தால் முதலில் விழுவது "ஆனா"தான். யாராவது காலை வணக்கம் சொன்னால்கூட, "ஆனா மேகம் போட்டிருக்கே" என்பார். நல்ல மனிதர், நல்ல படிப்பு. ஒரு முடிவுக்கு வருவதற்குள் மற்றவர்களுக்குப் பாதி ஆயுசு போய்விடும். அவர் கூட்டத்தில் பேச எழுந்தால் மண் மேடம் கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுப்பாள்.

நிலையத்தின் இயக்குநருக்கு மட்டும் அவள் பெயர் வைக்கவில்லை. அவர் அவளுடைய தங்கையின் கணவர். அலுவலகத்தில் "சார்", வீட்டில் "மாப்பிள்ளை". அவள் "சார்" என்று சொல்லும்போது அதில் வழியும் மரியாதையைக் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூசும். இயக்குநர் திட்டமிடல் துறையிலிருந்து வந்தவர். வேர் எது, விழுது எது என்று தெரியாது. ஆனால் எந்தக் கூட்டத்தில் யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நன்றாகத் தெரியும். அது ஒன்று தெரிந்ததாலேயே அவர் மேலே வந்தவர். அவள் அதே நாற்காலிக்குத் தகுதி இருந்தும் நாக்கைக் கட்டத் தெரியாமல் கீழேயே நின்றவள். இதை இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேசாமலேயே ஒவ்வொரு சாப்பாட்டு மேசையிலும் அது ஒரு தட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நிலையம் மலையின் அடிவாரத்தில் இருந்தது. அதன் பின்பக்கக் கதவைத் திறந்தால் ஓக் காடு. கிழட்டு மரங்கள், முழங்கால் அளவு சருகு. மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, உச்சிச் சரிவில் புல்லும் தரையோடு ஒட்டிப் பூக்கும் சின்னச் செடிகளும் மட்டும் இருக்கும். அப்படித்தான் நெடுங்காலமாக இருந்தது. இப்போது வெயில் கூடிக்கூடி அடிவாரத்து ஓக் மரங்கள் நுனியிலிருந்து காயத் தொடங்கியிருந்தன. கீழே இருந்த புதர்கள் மெல்ல மேலே குடிபெயர்ந்தன. முன்பு பாதி மலையில் நின்ற பூச்செடிகள் உச்சிக்குப் பக்கத்தில் எட்டிப்பார்த்தன. உச்சியில் இருந்தவற்றுக்கு அதற்கு மேல் ஏற மலை இல்லை.

மண் மேடம் இதைத்தான் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்திரிகைக்காரர்கள் வந்து, "மரங்கள் நடக்கின்றனவாமே?" என்று வாயைப் பிளந்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மரம் நடப்பது பெரிய விஷயமில்லை, விதையைத் தூக்கிப் போகப் பறவை இருக்கிறது, காற்று இருக்கிறது என்பாள். ஓக் மரத்தின் வேர்நுனியைச் சுற்றி வெள்ளை நூல்போல ஒரு பூஞ்சை படர்ந்திருக்கும். மண்ணிலிருந்து நீரையும் உப்பையும் உறிஞ்சி மரத்துக்கு ஊட்டுவது அதுதான். அந்தப் பூஞ்சைக்குச் சிறகு இல்லை. அது ஊர்ந்துதான் வரவேண்டும். விதை முன்னால் போய் நின்றுகொண்டு, சமையல்காரன் இன்னும் வரவில்லையே என்று பசியோடு காத்திருக்கும். "நீங்க பார்க்கறது பந்தல். சமையல் கீழ நடக்குது" என்று முடிப்பாள். பத்திரிகைக்காரர்கள் பந்தலைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

இயக்குநர் "மலையேற்றத் திட்டம்" என்ற ஒன்றை அறிவித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடிவாரத்து ஓக் அழிவதற்குள் அதன் கன்றுகளை உச்சிச் சரிவில் நட்டுவிடுவதாம். கன்றுகள் ஒரு தனியார் நாற்றங்காலில், ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்த தேங்காய் நார்த்தூளில் வளர்ந்தவை. ஒரு கிருமி கிடையாது, ஒரு பூச்சி கிடையாது என்று இயக்குநர் பெருமையாகச் சொன்னார்.

"ஒரு உயிரும் கிடையாதுன்னு சொல்லுங்க சார்" என்றாள் அவள்.

நடுவிழா அமர்க்களமாக நடந்தது. அமைச்சர் வந்தார். அவருக்குப் பின்னால் பதவி வரிசைப்படி ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு கன்றை நட்டு, அதற்குப் பக்கத்தில் தங்கள் பெயர் பொறித்த பித்தளைப் பலகையையும் நட்டார்கள். கன்றை நட எடுத்த நேரத்தைவிடப் பலகை நேராக நிற்கிறதா என்று பார்க்க எடுத்த நேரம் அதிகம். அமைச்சர் நட்ட கன்று பையோடு குழிக்குள் போய்விட்டது. அதை எடுத்துக் கிழித்து மறுபடி நடச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த பருவத்துக்குள் கன்றுகள் குச்சிகளாகிவிட்டன. பித்தளைப் பலகைகள் மட்டும் நன்றாக வேரூன்றிப் பளபளத்தன.

இந்தத் தோல்வியை மண் மேடம் ஒரு திருவிழாபோலக் கொண்டாடினாள் என்று சொன்னால் மிகையில்லை. தேநீர் வேளையில், சாப்பாட்டு வேளையில், ஜீப்பில் போகும்போது டிரைவரிடம்கூட அதையே பேசினாள். பேசினால் மட்டும் போதுமா? அதே சரிவின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு நிலத்தைத் தன் ஆய்வுக்கென்று கேட்டு வாங்கினாள். மறுக்கும் நிலையில் இயக்குநர் அப்போது இல்லை. கிழட்டு ஓக் மரங்களின் அடியிலிருந்து கறுப்பு மண்ணைச் சருகோடு அள்ளி மூட்டை கட்டி, ஜீப்பில் ஏற்றி மேலே கொண்டுபோய்க் குழிகளில் இட்டு, அதில் கன்றுகளை நடுவது அவள் திட்டம். பூஞ்சை இனி ஊர்ந்து வரவேண்டியதில்லை. ஜீப்பிலேயே வரும்.

மூட்டைகள் வாசலில் அடுக்கிக் கிடந்ததை ஆனா சார் பார்த்தார். ஒரு மூட்டையின் வாயை விலக்கி, குனிந்து முகர்ந்தார்.

"ஆனா மேடம், இதுக்குள்ள பூஞ்சை மட்டுமா ஏறுது?" என்று கேட்டார். உச்சிச் சரிவில் எந்தக் காலத்திலும் மண்புழு இருந்ததில்லை, அங்குள்ள செடியெல்லாம் மட்காமல் கிடக்கும் தடித்த சருகுப் படுகையில் வேர்விட்டு வாழ்கிறவை, இந்தக் காட்டு மண்ணில் துள்ளுப்புழு என்கிற மண்புழு நிறைய உண்டு, அதன் முட்டைக்கூடு கடுகளவுதான், கண்ணுக்கே படாது என்று தன் வழக்கப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பூஞ்சையை மட்டும் வேரிலிருந்து பிரித்து ஆய்வகத்தில் வளர்த்துக் கொண்டுபோனால் நேரம் பிடிக்கும், ஆனால் நல்லது என்றார்.

சுற்றிலும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மண் மேடத்துக்குக் கூட்டம் கிடைத்தால் நாக்கு சும்மா இருக்காது.

"நீங்க ஆனா ஆனான்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள மலையே தேஞ்சு மடுவாயிடும் சார். அந்தக் குளிர்ல எந்தப் புழு பிழைக்கும்? கம்பளி பின்னிக் கொடுத்தா உண்டு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனா சாரும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். வெப்பம் மலையேறுகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள், அந்தக் குளிர் இன்னும் அங்கேயே காவல் நிற்கும் என்று நம்பினாள்.

அவளுடைய துண்டு நிலத்தில் கன்றுகள் பிழைத்தன. பிழைத்தன என்பது குறைவான சொல். அடுத்த கோடையில் ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றது. ஒரு கன்றை மட்டும் மெதுவாகக் கெல்லிப் பார்த்தாள். வேர்நுனியெல்லாம் வெள்ளை நூல். இந்தப் பக்கம் அவள் கன்றுகள், அந்தப் பக்கம் பித்தளைப் பலகைக் குச்சிகள். இதைவிடச் சிறந்த படம் வேறென்ன வேண்டும்? எடுத்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனபோது அதைக் கைப்பேசியில் வைத்திருந்தாள்.

தட்டில் சோறு விழுவதற்குள் படம் மேசையைச் சுற்றி வந்துவிட்டது. குழந்தைகள்கூடப் பார்த்தார்கள். இடது பக்கம் அறிவு, வலது பக்கம் அதிகாரம் என்று அவள் விளக்கினாள். நார்த்தூளில் வளர்த்த கன்றைப் போலத்தான் நார்த்தூளில் வளர்த்த மூளையும் என்றாள். தங்கை இரண்டு முறை பேச்சை மாற்றிப் பார்த்தாள். மூன்றாவது முறை கரண்டியைச் சத்தமாக வைத்துவிட்டு எழுந்து போனாள். இயக்குநர் மட்டும் நிதானமாகச் சாப்பிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா. எனக்கு இதை அனுப்பி வையுங்க" என்றார்.

அவர் புத்தி எப்படி வேலை செய்யும் என்று அவள் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஜெயித்த மயக்கத்தில் யோசிக்கவில்லை, அனுப்பிவைத்தாள்.

மாதம் திரும்புவதற்குள் "மலையேற்றத் திட்டம், இரண்டாம் கட்டம்" என்று அறிவிப்பு வந்தது. அதில் அவளுடைய படமும் அவளுடைய கன்றுகளும் அச்சாகியிருந்தன. அடிவாரக் காட்டிலிருந்து லாரி லாரியாக மண் அள்ளி, உச்சிச் சரிவு முழுக்கப் பரப்பிக் கன்று நடப்போகிறார்களாம். அவள் பெயருக்கு முன்னால் "திட்டத்தின் தாய்" என்று போட்டிருந்தது. தோற்றவனைத் திட்டலாம், திருடியவனையும் திட்டலாம். திருடிவிட்டுக் கிரீடத்தையும் நம் தலையிலேயே வைப்பவனை என்ன செய்வது? அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. அலுவலகத்தில் அந்த அறிவிப்பைச் சுவரில் ஒட்டியபோது, "எழுத்துப்பிழை இருக்கு" என்று மட்டும் குறை சொன்னாள்.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அவள் மேலே போனாள். கன்றுகளின் உயரம் அளக்கத்தான் போனாள். நிலத்தில் கால் வைத்ததும் கால் புதைந்தது. முன்பு அங்கே சருகுப் படுகை மெத்தைபோல அழுத்தமாக இருக்கும். இப்போது அது இல்லை. அதற்குப் பதிலாக வடிகட்டி எறிந்த காப்பித்தூள்போல உதிரி உதிரியான மண். புல்லைத் தொட்டால் வேரோடு கையில் வந்தது. தரையோடு பூக்கும் செடிகள் வேர் வெளியே தெரியச் சாய்ந்து கிடந்தன. விரலால் மண்ணைக் கிளறினாள். ஒரு புழு பாம்புக்குட்டிபோல நெளிந்து துள்ளி, வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது. அடுத்த இடத்தில் கிளறினாள். அங்கேயும். நிலத்தின் எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போய்க் கிளறினாள். அங்கேயும்.

அடிவாரத்தில் இந்தப் புழுவை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அங்கே மரம் கொட்டுகிற சருகுக்கும் புழு தின்கிற சருகுக்கும் ஒரு கணக்கு உண்டு. இங்கே அந்தக் கணக்கு இல்லை. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த படுகையை ஒரே கோடையில் தின்று தீர்த்திருந்தது. முன்பெல்லாம் உச்சியில் கோடை குட்டை. முட்டையிலிருந்து வந்த புழு வளர்ந்து முட்டையிடுவதற்குள் குளிர் வந்து முடித்துவிடும். இப்போது கோடை நீண்டுவிட்டது. தானாக ஏறிவரப் பல தலைமுறை பிடித்திருக்கும் பிராணியை அவள் ஜீப்பில் வைத்து அழைத்துவந்திருந்தாள்.

அந்த நேரத்தில் அவளுக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். டிரைவர் ஜீப்பில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கிளறிய மண்ணைக் கையால் மூடினாள். பக்கத்தில் பெயர்ந்து கிடந்த புல்லை அள்ளி அதன்மேல் பரப்பினாள். பூனை செய்வதைப் போலச் செய்கிறோம் என்று அவளுக்கே தோன்றியது. அன்று கீழே வந்து யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஊரில் இருப்பவர்களை எல்லாம் எதற்கெல்லாம் திட்டியிருந்தாளோ, அந்தத் திட்டெல்லாம் அவள் வாயிலிருந்தே அவளுக்குக் கேட்டது. அதிலும் நல்ல தமிழில் கேட்டது.

லாரிகளுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. திட்டக் கூட்டத்தில் எழுந்து நின்று, புழுவைப் பற்றிச் சொன்னாள். தன் நிலத்தில் நடந்ததைச் சொன்னாள். மண் அள்ளுவதை நிறுத்தச் சொன்னாள்.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

"மண்புழுவா?" என்றார் இயக்குநர். "அக்கா... மன்னிக்கணும், மேடம். மண்புழு உழவனின் நண்பன். மூணாங்கிளாஸ் பாடத்துலயே இருக்கு. நானே மனப்பாடம் பண்ணியிருக்கேன்."

அறை முழுக்கச் சிரித்தது. பேராசிரியர்கள் சிரித்தார்கள், முனைவர்கள் சிரித்தார்கள். அத்தனை பட்டங்களும் மூன்றாம் வகுப்பு வாத்தியாருக்கு முன்னால் கைகட்டி நின்றன. உழவனுக்கு நண்பன் என்றால் உழாத மலைக்கு என்ன உறவு என்று அவள் கேட்டாள். யார் காதிலும் விழவில்லை. அடுத்தவர் செய்தால் மேடத்துக்குப் பொறுக்காது, தன் யுக்தியை எல்லோரும் செய்யப்போகிறார்களே என்ற பொறாமை என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது மட்டும் அவள் காதில் விழுந்தது. அந்த வரிசையில் இருந்தவர்கள் எல்லோருமே அவளிடம் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பட்டப்பெயர் வாங்கியவர்கள்.

ஆனா சார் எழுந்தார். "ஆனா மேடம் சொல்றதுல..." என்று தொடங்கினார். நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

அவள் நேரே அவர் அறைக்குப் போனாள். அன்றைக்கு வாசலில் கேலி செய்தீர்களே என்று அவர் கேட்பார், கேட்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நான் அன்னிக்குக் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கணும் மேடம்" என்றார். அதில் "ஆனா" இல்லை. அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மண்ணில் புழு இருப்பதைக் கண்ணுக்குக் காட்ட ஒரு எளிய வழி உண்டு. கடுகுப்பொடியைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் காரம் தாங்காமல் புழுவெல்லாம் வெளியே வரும். ஆய்வுக்கு அவர்கள் செய்வதுதான். ஆனால் கிடங்கில் கடுகுப்பொடி வாங்க இயக்குநர் கையெழுத்து வேண்டும். அவள் தங்கை வீட்டுக்குப் போனாள்.

தங்கை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளோடு பேசவில்லை. கதவைத் திறந்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள். அக்கா பின்னாலேயே போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் சண்டை போட்டுக்க வீடு பத்தலையா, மலை வேற வேணுமா?" என்றாள் கடைசியில். பிறகு மடிப்பதை நிறுத்தினாள். "நீ சொல்றது நிஜமா, இல்ல அவரை மட்டம் தட்டவா?"

"நிஜம்."

"அன்னிக்குச் சாப்பிடும்போது சொன்னதும் நிஜம்னுதானே சொன்ன?"

"அதுவும் நிஜம்தான். அவரை மட்டம் தட்டத்தான் சொன்னேன்."

தங்கை பரணிலிருந்து கடுகு டப்பாவை இறக்கினாள். அது போதாது என்று கடைக்குப் போய் இன்னும் வாங்கிவந்தாள். மிக்ஸியில் சுற்றச் சுற்ற அடுக்களை முழுக்கக் காரம் ஏறி இருவருக்கும் கண்ணில் நீர் வழிந்தது. அது கடுகால்தான் என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள்.

"அவர்கிட்ட நியாயம் பேசாதக்கா. நானும் இத்தனை வருஷமா பேசிப் பார்த்துட்டேன். நாலு பேர் முன்னாடி அசிங்கமாயிடும்னா மட்டும்தான் அவர் நிப்பார்" என்றாள் தங்கை. பொடியை ஒரு தூக்குவாளியில் போட்டு மூடிக் கொடுத்தாள்.

இரண்டாம் கட்டத் தொடக்கவிழா முதல் விழாவைத் தூக்கிச் சாப்பிட்டது. உச்சிச் சாலை முடியும் இடத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. முதல் லாரியின் மண்ணை விரித்த தார்ப்பாயில் குவித்து, குவியலைச் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தார்கள். மண்ணுக்கு ரிப்பன் கட்டியதை அவள் அதுவரை பார்த்ததில்லை. அமைச்சர் வெள்ளை உடையில், வெள்ளைக் காலணியில் வந்திருந்தார். அவருக்கென்று ஒரு மண்வெட்டிக்குத் தங்கமுலாம் பூசி வைத்திருந்தார்கள். இயக்குநர் பேசினார். மண் நம் தாய் என்றார். தாயை லாரியில் ஏற்றியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு திட்டத்தின் தாயைப் பேச அழைத்தார்.

மண் மேடம் ஒலிபெருக்கியைத் தொடவில்லை. கீழே இறங்கி, ஆனா சார் ஓரமாகப் பிடித்துக்கொண்டிருந்த வாளியை வாங்கிக்கொண்டு குவியலின் பக்கம் போனாள்.

"அய்யா கொஞ்சம் கிட்ட வாங்க. என்ன கொண்டுபோறோம்னு நீங்க பார்த்துட்டுத் தொடங்கினாத்தான் முறை" என்றாள்.

அமைச்சருக்கு முறை என்ற சொல் பிடிக்கும். கிட்ட வந்தார். புகைப்படக்காரர்களும் வந்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று போலும் என்று இயக்குநர் சிரித்த முகமாகவே நின்றார். அவள் வாளியைக் குவியலின்மேல் சாய்த்தாள். மஞ்சள் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ கைதட்டத் தொடங்கினார்கள்.

அப்புறம் குவியல் அசைந்தது. ஒரு இடத்தில் அல்ல, எல்லா இடத்திலும். புழுக்கள் கொத்துக்கொத்தாக வெளியே வந்து, காரம் தாங்காமல் வளைந்து நிமிர்ந்து துள்ளின. ஒன்றன்மேல் ஒன்று புரண்டு தார்ப்பாயில் விழுந்தன. ஒன்று வாலை அறுத்துக்கொண்டு அமைச்சரின் வெள்ளைக் காலணியில் போய் விழுந்தது. வால் தனியாகத் துடித்தது. அமைச்சர் வயதுக்கு மீறிய வேகத்தில் பக்கத்திலிருந்த நாற்காலியின்மேல் ஏறிவிட்டார். அவருடைய உதவியாளர் "பாம்பு" என்று கத்தினார். பாம்பு என்று ஒருவர் சொன்னபிறகு கூட்டத்துக்கு விளக்கம் எதற்கு? மேடையே ஒரு பக்கம் சாய்ந்தது.

அவள் பேச நினைத்ததை எல்லாம் அந்தக் கூச்சலுக்குள் பேசினாள். சரிவில் புல் வேரோடு வருவதைச் சொன்னாள், கடுகளவு முட்டைக்கூட்டைச் சொன்னாள், தன் தவறைச் சொன்னாள். கேட்டது டிரைவரும் ஆனா சாரும் மட்டும். நாற்காலியிலிருந்து இறங்காமலேயே அமைச்சர், இந்த அருவருப்பை எடுத்துக்கொண்டு போங்கள் என்று உத்தரவிட்டார். லாரிகள் அப்படியே திரும்பி, மண்ணை அள்ளிய இடத்திலேயே கொட்டின. மண் மேடத்தின் படிப்பும் ஆய்வும் மன்றாட்டும் நிறுத்த முடியாததை ஒரு காலணி நிறுத்தியது. மறுநாள் பத்திரிகையில், விழாவில் பாம்புக்குட்டிகள், அமைச்சர் உயிர் தப்பினார் என்று வந்தது. மண்புழு என்ற சொல் எங்கும் இல்லை. மலை என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் இருந்தது, அதுவும் இடத்தைக் குறிக்க.

இயக்குநருக்கு இதனால் ஏதும் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. அப்படிப்பட்டவர்கள் கீழே விழுந்தாலும் ஒரு படி மேலேதான் விழுவார்கள். கடல் உள்ளே வராமல் தடுக்கும் திட்டம் ஒன்றுக்குத் தலைவராகக் கடற்கரைப் பக்கம் போனார். போவதற்கு முன் மண் மேடத்திடம், "என்கிட்ட முன்னாடியே சரியாச் சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனேக்கா" என்றார். நல்ல பதில்கள் நான்கைந்து அவள் நாக்கு நுனிவரை வந்தன. முதன்முறையாக அவற்றை விழுங்கினாள்; கசப்பாகத்தான் இருந்தது. பிள்ளைகளின் படிப்பைக் காரணம் சொல்லித் தங்கை அவரோடு போகாமல் இங்கேயே இருந்துகொண்டாள்.

அவளுடைய துண்டு நிலம் மிச்சம் இருந்தது. அதை அழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல அங்கே யாருக்கும் அக்கறை இல்லை. அவளே முடிவு செய்தாள். வெயில் உறைக்கும் நாட்களில் அவளும் ஆனா சாரும் மேலே போனார்கள். தங்கையும் கூட வந்தாள். அத்தனை வருடம் அடிவாரத்தில் இருந்தும் அவள் உச்சியைப் பார்த்தது அப்போதுதான். கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். வேரில் வெள்ளை நூல் அடர்ந்து படர்ந்திருந்தது. அப்படி ஒரு வேரை மண் மேடம் தன் வேலைக்காலத்தில் பார்த்ததில்லை. ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதையும் மற்றவற்றோடு சாக்கில் போட்டாள். அந்தச் சாக்கு எரிப்பதற்காகக் கீழே போனது.

மண்ணை நனைத்து, அதன்மேல் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினார்கள். வெயில் அதற்குள் புகுந்து மண்ணைச் சுட்டால் புழுவும் அதன் கூடும் சாகும். பூஞ்சையும் சாகும், புல்வேரும் சாகும்.

"இதோட ஒழிஞ்சிடுமா?" என்று தங்கை கேட்டாள்.

"தெரியல" என்றாள் அக்கா.

எல்லைக்கு வெளியே ஓடைப்பக்கமாக ஏற்கெனவே இரண்டு இடத்தில் மண் உதிர்ந்திருந்ததை ஆனா சார் பார்த்துவந்திருந்தார். அங்கேயும் விரிக்க வேண்டும். அதற்கும் கீழே புழு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாது. ஆய்வகத்தில் அவர் வேரிலிருந்து பூஞ்சையைப் பிரித்து வளர்க்கத் தொடங்கியிருந்தார். அதற்கு வருடங்கள் பிடிக்கும். அதற்குள் அடிவாரத்து ஓக் எவ்வளவு நிற்கும் என்பதும் தெரியாது.

காற்று கிளம்பி விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கியது. தங்கை ஓடிப்போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, கல் கொண்டுவரச் சொல்லிக் கையை ஆட்டினாள். சுற்றிலும் பெரிய கல் எதுவும் இல்லை. மண் மேடம் பழைய குச்சிகள் நின்ற பக்கம் போய், அமைச்சர் முதல் கடைசி அதிகாரிவரை பித்தளைப் பலகைகளைப் பிடுங்கிக் கைநிறையச் சுமந்துவந்து, விரிப்பின் ஓரம் முழுக்க வரிசையாக அடுக்கினாள். கனம் நன்றாகத்தான் இருந்தது.